இழுவை வண்டி: உங்களுக்குத் தெரியுமா?

காருக்குப் பின்னால் படுக்கை, அடுப்பு, அலமாரியோடு ஒரு குட்டி கேரவனை மாட்டிக்கொண்டு ஊர் சுற்ற ஆசையா? எந்த எஸ்.யூ.வி. வாங்கலாம் என்று யோசிக்கிறீர்களா? முதலில் இதையெல்லாம் படியுங்கள். அசந்து போவீர்கள்!

★ பங்குனி மாதம் திருமழபாடியில் நந்தி கல்யாணம். மாப்பிள்ளை திருவையாற்றிலிருந்து கொள்ளிடம் தாண்டி வருகிறார்! அந்தக் காலத்தில் ஜனங்கள் திருவிழாவுக்கு வந்ததும் கூண்டு வண்டியில்தான். உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, மூலையில் கட்டுச்சோற்று மூட்டை. கேரவன் நமக்கு ஒன்றும் புதுசில்லை!

★ மூட்டை ஏற்றியதும் வண்டிக்காரர் முதலில் பார்ப்பது முன்பாரம், பின்பாரம். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும்! இதே கணக்குதான் கேரவனுக்கும். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் உட்கார வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. 1,000 கிலோ டிரெய்லருக்கு 100 முதல் 150 கிலோ முன்பாரம்!

★ பின்பாரம் கூடிய டிரெய்லர் வேகமெடுத்தால் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் முற்றினால் இழுக்கிற காரையே கவிழ்த்துவிடும்!

★ உல்லாசப் பயணத்துக்கென்றே செய்த முதல் கேரவன் 'வாண்டரர்'. செய்யச் சொன்னவர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டர். இழுத்தவை இரண்டு குதிரைகள். ஆண்டு 1885!

★ 2017இல் பாரிஸ் விமான நிலையத்தில் ஒரு போர்ஷே கெயென், ஏ380 விமானத்தையே 42 மீட்டர் இழுத்துக் கின்னஸில் ஏறியது. விமானத்தின் எடை 285 டன்! சாலையில் அந்தக் கார் இழுக்க அனுமதி எவ்வளவு தெரியுமா? வெறும் 3.5 டன்!

★ நம்ம மஹிந்திரா ஸ்கார்ப்பியோ-என் ஆஸ்திரேலியாவிலும் ஓடுகிறது. அங்கே அதன் இழுவைத் திறன் 2,500 கிலோ! ஆனால் டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால்தான். பிரேக் இல்லையா? சடாரென்று 750 கிலோ!

★ பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்! டொயோட்டா ராவ்4 அமெரிக்காவில் ஒரு ரகத்தில் 1,500 பவுண்டுதான் இழுத்தது. அட்வென்ச்சர் ரகத்தில் 3,500 பவுண்டு! பெயர் ஒன்றுதான், திறன் இரண்டு மடங்குக்கும் மேல்!

★ புதிதாக இழுக்கப் பழகுகிறவர்களுக்கு பிரிட்டனில் ஒரு கணக்கு சொல்கிறார்கள். கேரவனின் மொத்த எடை, காரின் வெற்று எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2,000 கிலோ காருக்கு 1,700 கிலோதான். இது சாமான் ஏற்றிய பிறகான எடை!

★ ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கேரவனில் 80 லிட்டர் தொட்டியை நிரப்பினால், பேசாமல் இன்னொரு ஆள் ஏறிய மாதிரி!

★ அத்தனை பாரத்தையும் தாங்குவது காரின் கொக்கியில் இருக்கும் ஓர் இரும்புக் குண்டு. ஐரோப்பாவில் அதன் குறுக்களவு 50 மில்லிமீட்டர். எலுமிச்சம்பழம் அளவுதான்!

★ ஜெர்மனியில் கேரவன் மாட்டிய காருக்குப் பொதுவான உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். பல பகுதிகளில் வேகக் கட்டுப்பாடே இல்லாத ஆட்டோபான் இருக்கிற நாட்டில்!

★ அரியலூர்ப் பக்கம் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் டிரெய்லரைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு எஞ்சின் கிடையாது, ஸ்டீயரிங் கிடையாது. ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அதுவும் 'மோட்டார் வாகனம்'தான்! கேரவன் டிரெய்லருக்கும் அதே சட்டம்தான்!

★ ஷோரூமில் எல்லாரும் குதிரைத் திறனைக் கேட்கிறார்கள். நீங்கள் மூன்று எண்களைக் கேளுங்கள். பிரேக் உள்ள டிரெய்லருக்கு எத்தனை கிலோ? பிரேக் இல்லாததற்கு எத்தனை? கொக்கியில் எத்தனை கிலோ இறங்கலாம்? மூன்றும் காரின் கையேட்டில் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் காரில் கேரவனை மாட்டாதீர்கள்!