மங்கிய ஒளியில் அமேசான் செடிகள்

தென் அமெரிக்க மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விரும்புவோர்க்குத் திருவனந்தபுரம் மிகவும் வாய்ப்பான ஊர். நியான் டெட்ராவும் ஏஞ்சல் மீனும் விரும்பும் இளஞ்சூடு இங்கு ஆண்டு முழுவதும் நீரில் இயல்பாகவே இருக்கிறது. வட இந்தியக் குளிரில் தேவைப்படும் வெப்பக் கருவி நமக்கு வேண்டுவதில்லை. அருவிக்கரையிலிருந்து குழாய்வழி வரும் கரமனையாற்று நீரும் சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மென்னீரே. குளோரின் வாடை நீங்கும்படி அதனை ஒரு நாள் திறந்து வைத்தால் போதும்.

இனி, தொட்டியில் எவ்வகைச் செடிகளை நடுவது? அமேசானின் பெருங்கிளையான ரியோ நீக்ரோ, பெயருக்கேற்பக் கரிய ஆறு. காட்டு இலைகளின் சாறு ஊறி, அதன் நீர் கடுந்தேநீர் நிறம் கொண்டிருக்கும். அந்த மங்கலில்தான் டெட்ரா மீன்களின் நீலக்கோடு ஒளிர்கின்றது. பேரொளியில் அவை வெளிறி ஒதுங்கி நிற்கும். உள்ளதைச் சொன்னால், அக்கரிய நீருக்கடியில் செடிகள் மிகக் குறைவு. முற்றிலும் இயற்கையைப் பின்பற்றுவோர் மரக்கட்டையும் உலர்ந்த நாட்டு வாதுமை இலைகளும் இட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஆயினும் பசுமையில்லாத தொட்டி பலருக்கு மனநிறைவு தருவதில்லை. ஆகவே மங்கிய ஒளியைப் பொறுக்கும் செடிகளை நாடுகிறோம்.

முதலிடம் அமேசான் வாட்செடிக்கே உரியது. வாள் போன்ற நீண்ட இலைகள் ஒரே குருத்திலிருந்து விரிந்து ஒன்றரை அடி வரை உயரும். ஆதலின் சிறு தொட்டிக்கு இது ஆகாது. வேர்வழியே மிகுதியாக உணவு கொள்வதால், அடியில் வளமான மண்ணிட்டு மேலே மணல் பரப்புதல் நலம். பண்ணைகளில் இதனைப் பெரும்பாலும் நீருக்கு வெளியே வளர்க்கின்றனர். எனவே தொட்டியில் நட்ட சில வாரங்களில் பழைய இலைகள் அழுகுவது கண்டு செடி பட்டுப்போயிற்றென்று பிடுங்கிவிடக் கூடாது. நீருக்கேற்ற புதிய இலைகள் குருத்திலிருந்து வரும்.

நம் வல்லாரைக்கு உறவுபோல் தோன்றும் பிரேசில் நீர்வல்லாரையும் எளிது. அதனை நடவும் செய்யலாம்; மிதக்கவும் விடலாம். நாடு எதுவாயினும் சரி என்போர்க்கு ஜாவாப் பெரணியும், ஆப்பிரிக்க அனுபியாசும், இலங்கை ஓடைகளுக்கே உரிய கிரிப்டோகோரின் வெண்டியும் உள்ளன. முதலிரண்டின் கிடைத்தண்டை மணலில் புதைத்தால் அழுகும். கட்டையில் நூலால் கட்ட வேண்டும். சிவந்த இலைச் செடிகள் கடையில் கண்ணைக் கவரும்; குறைந்த ஒளியில் நிறமிழந்து நலியும். விளக்கு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். சன்னலோரத்தில் தொட்டியை வைத்தால் செடியை முந்திக்கொண்டு பாசி வளரும்.

மிதக்கும் செடிகள் மேலே நிழல் தந்து, மீன் கழிவின் உப்புக்களையும் உறிஞ்சும். எனினும் இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். கேரளத்தில் ‘ஆப்பிரிக்கப் பாயல்’ எனப்படும் சால்வினியா உண்மையில் ஆப்பிரிக்காவினது அன்று. தென்கிழக்குப் பிரேசிலைச் சேர்ந்தது. இலங்கைக்கு அது 1939இல் கல்வித் தேவைக்காகக் கொழும்பு வந்தது. கேரளத்தில் 1955இல் நம் நகரை ஒட்டிய வேளிக் காயலில் காணப்பட்டது. விதையின்றி, ஒடிந்த துண்டிலிருந்தே பெருகும் இச்செடி, குட்டநாட்டு வயல்களையும் படகு வழிகளையும் மூடிற்று. 1972இல்தான் அதற்குத் தனிச் சிற்றினப் பெயர் கிடைத்தது. தாயகம் தெளிவானபின், அங்கே அதனைத் தின்று வாழும் எள்ளளவு வண்டொன்றைக் கண்டனர். ஆஸ்திரேலியாவில் வெற்றிகண்ட அவ்வண்டு 1980களில் கேரள நீர்நிலைகளில் விடப்பட்டுப் பாயலைப் பெரிதும் அடக்கிற்று. எல்லாக் களைக்கும் இத்தகைய பகை கிடைத்துவிடாது. ஊதாப் பூவுக்காகக் கொண்டுவந்த வெங்காயத்தாமரையும் அமேசான் செடியே. அது ஆக்குளம் ஏரியில் படர்வதை நாம் அறிவோம். 2020இல் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப்பாண்டியில் நீரோடையை இளஞ்சிவப்பாக்கி மக்களைத் திரளச் செய்த கபோம்பாவும் மீன்தொட்டிச் செடிதான். பார்க்க வந்தோர் சிலர் அதைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுசென்றனர்! அதற்கு நல்லொளி வேண்டும்; மங்கிய தொட்டிக்கு எவ்வகையிலும் ஏற்றதன்று.

எனவே நிழலுக்கு மிதவைச் செடிகளைத் தேடாமல், நீர்வல்லாரையையே மேலே படரவிடுதல் நன்று. அதுவும் படர்ந்து வளர்வதே; கத்தரித்த துண்டுகளை ஓடையிலோ வாய்க்காலிலோ எறியலாகாது. தொட்டியைக் கழுவிய நீரைத் துணியில் வடிகட்டித் தென்னையின் அடியில் ஊற்றலாம். துணியில் தங்கிய துண்டுகளை மொட்டைமாடியில் சருகாகும்வரை வெயிலில் காயவைத்து, பின்னர் அதே தென்னைக்கு எருவாக இடலாம். மழைக்காலத்தில் காய்வதற்கு நாள் பிடிக்கும். அப்போது மூடிய வாளியில் போட்டு மட்கவிட வேண்டும்.