ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம்

சென்னையிலிருந்து புதுவாயல் வழியாகக் கல்கத்தாவுக்குச் செல்லும் பெருஞ்சாலையில் இன்று பிரயாணம் செய்வோர், காசு கொடுத்து உண்டு, வாடகை கொடுத்துத் தங்குகின்றனர். இரயிலும் மோட்டாரும் வாராத காலத்தில், நம் நாட்டுச் சாலைகளில் வழிநடந்தோர்க்கு இவ்வுதவியைப் பொருள் பெறாது அளித்தவை சத்திரங்களாகும். அவை நடைபெற்ற முறையைத் தெளிவாக அறியத் தஞ்சை மராட்டிய மன்னரின் சத்திரங்கள் சிறந்த சான்றாக உள்ளன.

அவற்றுள் பெயர்பெற்றது ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம். தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையில், இராமேசுவர யாத்திரிகர்களின் பொருட்டு, இரண்டாம் சரபோஜி மன்னர் தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாக இதனை 1802-ஆம் ஆண்டில் நிறுவினார். இதன் முகப்பு குதிரைகளும் யானைகளும் பூட்டிய தேர் போன்று அமைந்துள்ளது. நீடாமங்கலத்திலும் மீமிசலிலும் இத்தகைய அரச சத்திரங்கள் உண்டு.

இச்சத்திரங்களின் ஒழுங்கினை, 1801-ஆம் ஆண்டில் கம்பெனியின் ரெசிடெண்டான டோரின் துரைக்கு மன்னர் எழுதிய கடிதம் விளக்குகிறது. எல்லா ஜாதியாருக்கும் அன்னம் அளிக்கப்பட்டது. சமைத்த சோறு உண்ணாதவர்க்கு அரிசியும் பிற பண்டங்களும் அளந்து தரப்பட்டன. நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதவர் எவரேனும் உளரோ என்று கூவி அழைத்த பின்னரே அன்னதானம் முடிவுற்றது. குழந்தைகளுக்குப் பாலும், நோயுற்றோர்க்கு மருந்தும் பத்தியமும் கிடைத்தன. விஷக்கடிக்கு மருத்துவம் செய்யவும் வைத்தியர் இருந்தனர். வழியில் பிரசவித்த பெண்கள் மூன்று மாதம் வரை தங்கலாம். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கல்வியும் அளிக்கப்பட்டன.

இவ்வளவு செலவிற்கும் மூலம் விளைநிலமே. சத்திரங்களுக்கென்று கிராமங்களும் நன்செய் புன்செய்களும் விடப்பட்டிருந்தன. 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இராஜ்ய நிர்வாகம் கம்பெனியாரிடம் சென்றது. மன்னருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே எஞ்சின. அந்நிலையிலும் அவர் வேண்டிக்கொண்டது, இத்தருமங்கள் மட்டும் குறைவுபடலாகாது என்பதே. தஞ்சை நாடு தரும இராஜ்யம் எனப் பெயர் பெற்றிருப்பதையே தமக்குரிய பெரும் சிறப்பாக அவர் கருதினார்.

1855-ஆம் ஆண்டில் அவர் குமாரர் சிவாஜி மன்னர் ஆண்வாரிசின்றி மறைந்தபின், இராஜ்யம் ஆங்கிலேயர் வசமாயிற்று. சத்திரங்களின் நிர்வாகமும் கைமாறியது. இரயில் வந்தபின் நடைவழி யாத்திரிகர் அருகினர். ஒரத்தநாட்டுச் சத்திரக் கட்டடம் பிற்காலத்தில் கல்விப் பணிக்கும் மாணவர் தங்குவதற்கும் பயன்பட்டது.

கட்டடத்தைக் கட்டியவர் மன்னர். நாள்தோறும் உலையேற்றியவர் குடியானவர். ஆதலின், தருமத்துக்கு விட்ட நிலம் உள்ள ஊர்களில், குத்தகை நெல்லைக் காலத்தில் அளப்பது மிராசுதாரர் கடமை. எல்லையையும் கணக்கையும் பழுதின்றிக் காப்பது கிராம அதிகாரிகள் கடமை. இவ்விரண்டும் தவறுமாயின், கல்லாற் கட்டிய சத்திரமும் வெறும் மண்டபமாகவே நிற்கும்.