கம்பிக்கும் முகவரி உண்டு

உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருக்கிறது. தேர்வு மதிப்பெண்களை ஆசிரியர் அந்த எண்களைக் கொண்டே குறித்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டின் நடுவில் புதிய மாணவர் ஒருவர் சேர்கிறார். அகர வரிசைப்படி அவர் பெயரை ஐந்தாவதாக எழுதிவிட்டால் என்ன ஆகும்? பழைய 5 ஆறாகும், 6 ஏழாகும். முன்பு 12-ஆம் எண்ணுக்கு இட்ட மதிப்பெண் இப்போது வேறொருவரைச் சேரும்! மதிப்பெண்ணில் பிழை இல்லை; முகவரியில்தான் பிழை.

தொழிற்சாலைகளிலும் இதே சிக்கல் உண்டு. ஆனால் அங்கே இடம் மாறுவது மதிப்பெண் அன்று, இயந்திரத்தின் இயக்கம்.

1960-களில் மோட்டார் கார்த் தொழிற்சாலைகளின் இயந்திரங்களை இயக்கியவை வரிசை வரிசையான ரிலேக்கள். காரின் அமைப்பு மாறினால் அவற்றின் கம்பிகளையும் மாற்றிக் கட்ட வேண்டும். இந்தத் தொல்லைக்கு 1968-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் மாற்று வழி தேடியது. ரிச்சர்ட் மார்லியும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய ‘மோடிகான் 084’ என்ற கருவி 1969-இல் வந்தது. கம்பிகளை மாற்றுவதற்குப் பதிலாக நிரலை மாற்றினால் போதும்! இவ்வகைக் கருவியே இன்று பி.எல்.சி. எனப்படுகிறது.

பி.எல்.சி.க்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை. பொத்தான்களிலிருந்தும் உணர்விகளிலிருந்தும் வரும் கம்பிகள் உள்ளீட்டு அட்டையில் இணைக்கப்படுகின்றன. மோட்டார்களுக்கும் வால்வுகளுக்கும் செல்லும் கம்பிகள் வெளியீட்டு அட்டையிலிருந்து புறப்படுகின்றன. உள்ளீட்டுக் கம்பியில் 24 வோல்ட் மின்னழுத்தம் வந்தால் நினைவகத்தில் அதற்குரிய பிட் 1 ஆகும், வராவிட்டால் 0. பி.எல்.சி. எல்லா உள்ளீடுகளையும் படிக்கிறது; நிரலை நிறைவேற்றுகிறது; விடைகளை வெளியீடுகளுக்கு அனுப்புகிறது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஒரு நொடிக்குள் இவ்வாறு பல சுற்றுகள் முடிந்துவிடும்!

எந்தக் கம்பிக்கு எந்த பிட்? இதைச் சொல்வதுதான் முகவரி. எடுத்துக்காட்டாக, சீமென்ஸ் நிறுவனம் 1990-களில் வெளியிட்ட எஸ்7-300 என்ற பி.எல்.சி.யைப் பார்ப்போம். இதில் அட்டைகள் ஒரு தண்டவாளத்தில் வரிசையாகப் பொருத்தப்படும். முதல் மூன்று இடங்கள் வேறு பணிகளுக்கு உரியவை. 4-ஆம் இடத்திலிருந்து உள்ளீட்டு, வெளியீட்டு அட்டைகள் தொடங்கும். ‘ஆம், இல்லை’ என்ற இருநிலைச் செய்தி தரும் அட்டை ஒவ்வொன்றுக்கும் வழக்கமாக 4 பைட்டுகள் ஒதுக்கப்படும். 4-ஆம் இடத்துக்கு 0 முதல் 3 வரை. 5-ஆம் இடத்துக்கு 4 முதல் 7 வரை. 6-ஆம் இடத்துக்கு 8 முதல் 11 வரை. ஒரு பைட்டில் 8 பிட்டுகள். அவற்றின் எண்கள் 0 முதல் 7 வரை.

5-ஆம் இடத்து அட்டையின் 11-ஆம் கம்பிக்கு முகவரி என்ன? எண்ணிக்கை சுழியில் தொடங்குவதால் அதன் எண் 10. அதை 8-ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 2. தொடக்க பைட்டான 4-உடன் ஈவைக் கூட்டுங்கள். முகவரி 5.2!

16 கம்பிகளுக்கான அட்டைக்கு 2 பைட்டுகளே போதும். மீதி 2 பைட்டுகள் வீண்தானே என்று கேட்கலாம். ஆனால் நாளை அங்கே 32 கம்பிகளுக்கான அட்டையை வைத்தாலும் பக்கத்து அட்டையின் முகவரி நகராது. பதிவேட்டில் நேர்ந்த குழப்பம் இங்கே நேராது.

எல்லா நிறுவனங்களும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. மிட்சுபிஷியின் எஃப்.எக்ஸ். வரிசையில் எண்கள் எட்டடிமானத்தில் அமைந்தவை. அங்கே எக்ஸ்7-க்கு அடுத்தது எக்ஸ்10. 8-உம் 9-உம் கிடையா! பல கருவிகளில் தொடக்க முகவரியைப் பொறியாளரே கணிப்பொறி வழியாகக் குறிக்கலாம்.

எந்த இடத்தில் எந்த அட்டை என்ற பட்டியலும் பி.எல்.சி.க்குள் ஏற்றப்படுகிறது. பட்டியலுக்குப் பொருந்தாத அட்டையைச் செருகினால் அது பிழை என்று காட்டிவிடும். ஆனால் சரியான அட்டையில் கம்பியை அடுத்த முனையில் இணைத்துவிட்டால்? அதை அறிய பி.எல்.சி.க்கு வழியே இல்லை.

8.0 நகரும் பட்டையை ஓட்டுகிறது, 8.1 தகட்டை அழுத்தும் இயந்திரத்தைக் கீழே இறக்குகிறது என்று கொள்வோம். இரு கம்பிகளும் இடம் மாறிவிட்டன. பட்டை நகர வேண்டிய நேரத்தில் அழுத்தி இறங்கும். தகட்டை எடுக்க நீண்ட தொழிலாளியின் கை அங்கே இருந்தால்? நிரலில் ஒரு பிழையும் இல்லை. எச்சரிக்கை விளக்கும் எரியாது.

எனவே புதிய இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு கம்பியையும் சோதிக்கிறார்கள். மோட்டார்களுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கும். ஒருவர் உணர்வியைக் கையால் இயக்குவார். மற்றவர் அட்டையில் எந்த விளக்கு எரிகிறது, திரையில் எந்த முகவரி 1 ஆகிறது என்று பார்த்துப் பட்டியலில் குறிப்பார். நூற்றுக்கணக்கான கம்பிகள் இருந்தாலும் ஒன்றையும் விடக்கூடாது. அவசர நிறுத்தப் பொத்தானையோ சாதாரண நிரலிடம் மட்டும் ஒப்படைப்பதில்லை. மின்சாரத்தை நேரே துண்டிக்கும் தனிச் சுற்றோ, பாதுகாப்புக்கென்றே செய்த தனிக் கட்டுப்பாட்டுக் கருவியோ அதற்கு உண்டு.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. எஸ்7-300-இன் 6-ஆம் இடத்தில் 32 கம்பிகளுக்கான வெளியீட்டு அட்டை இருக்கிறது. அதன் 20-ஆம் கம்பிக்கு முகவரி என்ன? விடை 10.3 என்று வந்தால் சரி. 10.4 என்று வந்ததா? அப்படியானால் பக்கத்துக் கம்பியை இயக்கிவிட்டீர்கள்!