கார்த்திகைக் கொல்லை

மேல்நாட்டுத் தோட்டப் புஸ்தகங்கள் இலையுதிர் காலத்தை ஓய்வுக் காலமாகவே வர்ணிக்கின்றன. இலைகள் உதிரும், செடிகள் உறங்கும், தோட்டக்காரர் மண்வெட்டியைத் துடைத்து வைப்பார். கடலூரிலோ சிதம்பரத்திலோ அந்தப் புஸ்தகத்தை நம்பியிருந்தால் கொல்லை ஜலத்தில் போய்விடும். கடலூர் ஜில்லாவில் வருஷ மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டி விடுகிறதல்லவா?

ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் நமது முதல் வேலை செடிக்கு ஜலம் விடுவதன்று, ஜலத்தை வெளியேற்றுவது. வேரும் சுவாசிக்கிறது. மண்ணிடுக்கில் காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக் கொண்டால் பப்பாளியும் மிளகாயும் சில நாட்களிலேயே வாடிச் சாயும். சிதம்பரத்தைச் சுற்றியிருப்பது ஆறுகள் கொணர்ந்த களிமண். நீரை எளிதில் விடாது. அங்கே பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, இருபுறமும் வடிகால் எடுக்க வேண்டும். கடலூர்க் கரையோரத்து மணலில் நீர் தங்காது; ஆனால் இட்ட எருவையும் கரைத்துக் கொண்டு போய்விடும். அங்கே மழை ஓய்ந்த நாட்களில் கொஞ்சங் கொஞ்சமாக எரு இடுவதே சிக்கனம்.

இரண்டாவது வேலை காற்றை உத்தேசித்தது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டிப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயன் தந்த பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அத்தகைய காற்றைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால் சிறு காற்றுக்கே முறியும் முருங்கைக் கிளைகளை முன்கூட்டியே கழிப்பதும், குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பதும் நம் கைக்கு எட்டிய காரியங்களே. கழித்த முருங்கை மீண்டும் தழைக்கும். அதன் அருகிலுள்ள கூரையும் தப்பும்.

உழைப்புக்கேற்ற இன்பங்களும் உண்டு. ஆடியில் விதைத்த அவரை இத்தனை நாள் கொடியை மட்டும் வளர்த்து நம் பொறுமையைச் சோதித்தது. இராப்பொழுது நீண்டதும் பந்தல் முழுவதும் பூக்கிறது. சாமந்திக்கும் அதே சுபாவம். செம்பருத்தி, நந்தியாவட்டைக் குச்சிகளைக் குழந்தைகளிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்து நடச் சொல்லுங்கள். நீர் தேங்காத ஈரமண்ணில் எளிதில் வேர்விடும். ஐப்பசித் தொடக்கத்தில் ஊன்றிய பூசணி, மார்கழிக் கோலத்துக்குப் பூக் கொடுக்கும்.

ஆருத்திரா தரிசனத்தன்று களியோடு படைக்கும் கூட்டில் நம் கொல்லை அவரையும் சேர்ந்தால், அந்த ருசியே தனி. அதற்கு இன்று வேண்டியவை ஒரு மண்வெட்டியும், இரண்டு மழைக்கு நடுவே கிடைக்கும் அரைமணி வெயிலுந்தான்.