பன்றி முட்டை உயிரணுவின் ஆய்வக முதிர்வில் உயிர்ச்சத்துக்கள்

பன்றியின் சூலகத்திலிருந்து எடுக்கப்படும் முதிராத முட்டை உயிரணுவை, உடலுக்கு வெளியே வளர்ப்பூடகத்தில் வைத்துக் கருக்கட்டலுக்கு ஏற்றதாக்குவது ஆய்வக முதிர்வு எனப்படும். இம்முதிர்வின் தரத்தை உயர்த்த ஊடகத்தில் உயிர்ச்சத்துக்கள் (வைட்டமின்கள்) சேர்க்கப்படுவதுண்டு. இம்முறையில் முதிர்ந்த முட்டைகளிலிருந்து பன்றிக்குட்டிகள் பிறந்தமையை இத்தாலிய ஆய்வாளர்கள் 1989 இல் வெளியிட்டனர்.

முதிர்வின் இரு கூறுகள்

இறைச்சிக்கூடங்களில் பெறப்படும் சூலகங்களிலிருந்து முட்டைகள் எடுக்கப்பட்டு, ஏறத்தாழ 39° செ. வெப்பநிலையில் 42 முதல் 44 மணிநேரம் வளர்க்கப்படுகின்றன. அப்போது உட்கரு ஒடுக்கற்பிரிவைத் தொடர்ந்து, முதல் முனைவுடலை வெளியேற்றுகிறது. இது உட்கரு முதிர்வு ஆகும். ஆயினும் இது மட்டும் போதாது. குழியவுருவும் முதிர வேண்டும். குழியவுருவில் குளூட்டாத்தயோன் குறைவாக இருப்பின், உள்நுழைந்த விந்தணுவின் தலை விரிந்து ஆண் முன்னுட்கருவாக மாறுவது தடைப்படுகிறது.

உயிர்ச்சத்துக்களின் பங்கு

பன்றி முட்டையில் கொழுப்புத் துளிகள் மிகுதி. மேலும், காற்றிலுள்ள ஆக்சிசனின் அளவு சூலகத்தினுள் உள்ளதைவிட அதிகம். இதனால் வளர்ப்பின்போது தீங்கான ஆக்சிசன் மூலக்கூறுகள் உருவாகி, உயிரணுவைச் சிதைக்கின்றன.

உயிர்ச்சத்து சி: நீரில் கரைந்து இம்மூலக்கூறுகளைச் செயலிழக்கச் செய்கிறது. பன்றியின் உடல் இதனைத் தானே தயாரிக்க வல்லது; ஆனால் ஊடகத்தில் இது விரைவில் சிதைவதால், நிலைப்புத்தன்மை மிக்க வழிப்பொருட்களும் ஆய்வில் பயன்படுத்தப்பட்டுள்ளன.

உயிர்ச்சத்து ஈ: கொழுப்பில் கரைவது. உயிரணு மென்சவ்வின் கொழுப்பு அமிலங்களைக் காக்கிறது.

உயிர்ச்சத்து ஏ: இதன் வழிப்பொருளான ரெட்டினோயிக் அமிலம் மரபணுக்களின் செயற்பாட்டை ஒழுங்குபடுத்துகிறது.

அளவும் மதிப்பீடும்

சிறிதளவில் நன்மை தரும் உயிர்ச்சத்து, அளவு மிகுந்தால் தீங்கு செய்யக்கூடும். மேலும், பரவலாகப் பயன்படும் டி.சி.எம்-199 ஊடகத்தில் ஏ, சி, ஈ ஆகியன ஏற்கனவே சிறிதளவு உள்ளன, என்.சி.எசு.யூ-23 ஊடகத்தில் இவை இல்லை. எனவே ஒரே அளவு சேர்க்கை இரு ஊடகங்களிலும் ஒரே விளைவைத் தரும் என எதிர்பார்க்க இயலாது. முனைவுடல் தோன்றிய முட்டைகளை எண்ணுவதோடு நில்லாமல், அவற்றுள் எத்தனை கருக்கோள நிலையை (பிளாஸ்டோசிஸ்ட்) அடைகின்றன என்பதையும் கணக்கிடுவதே சரியான மதிப்பீடாகும்.

முக்கியத்துவம்

2022 சனவரி 7 அன்று அமெரிக்காவின் மேரிலாந்தில், மரபணு மாற்றப்பட்ட பன்றியின் இதயம் முதன்முறையாக மனிதர் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அவர் இரண்டு மாதங்கள் உயிர்வாழ்ந்தார். இத்தகைய பன்றிகளைப் படியெடுப்பு முறையில் உருவாக்கப் பெருமளவு முட்டைகள் தேவை. அவற்றுட் பெரும்பாலானவை குட்டியாக வளர்வதில்லை. ஆகவே முட்டையின் தரத்தில் ஏற்படும் சிறு முன்னேற்றமும் இத்துறைக்குப் பயனுடையதாகும்.