கொட்டாங்குச்சி வெந்நீர், கீசர் வெந்நீர்

சென்னையில் குளிர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் 1895 டிசம்பரில். அறையைச் சூடாக்க இங்கே யாரும் எதுவும் வாங்குவதில்லை. ஆனால் வெந்நீர் இல்லாமல் ஆகாது. மார்கழி விடியலுக்கு வேண்டும், எண்ணெய் தேய்த்த தலைக்கு வேண்டும், பிள்ளை பெற்றவளுக்கு வேண்டும், முட்டிவலிக்காரருக்கு வருஷம் முழுக்க வேண்டும்.

சென்னையின் மேற்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. அடுத்த வருஷமே ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. வேலைக்கு வந்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். பின்கட்டில் கிணறு, துவைக்கிற கல், அதை ஒட்டி ஓர் அடுப்பு. முதல் ஷிப்டுக்குப் போகிறவர் குளிக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரம்மா நாலரைக்கே எழுந்து அடுப்பு மூட்டியாக வேண்டும். விறகுத் தொட்டியில் எடை போட்டு வாங்கிய விறகு சமையலுக்கு. வெந்நீர் அடுப்புக்குத் தென்னை மட்டை, பன்னாடை, கொட்டாங்குச்சி என்று காசு கொடுக்காமல் கிடைப்பதெல்லாம் போகும். வசதியானவர்கள் செம்பு பாய்லர் வைத்திருந்தார்கள். நடுக்குழாயில் கரி, சுற்றிலும் தண்ணீர், கீழே பித்தளைக் குழாய்.

மரவாடி பக்கத்தில் இருந்தவர்களுக்கு மரத்தூள் அடுப்பு. தகர டப்பாவின் அடியில் பக்கவாட்டில் ஓர் ஓட்டை. அதன் வழியாக ஒரு கட்டையைப் படுக்கையாகச் செருகி, இன்னொன்றை நடுவில் நட்டு, சுற்றிலும் தூளைக் கொட்டிக் கையால் குத்திக் குத்திக் கெட்டிக்க வேண்டும். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கட்டைகளையும் திருகி உருவ வேண்டும். சுவர் சரியாமல் நின்றால் கீழே ஒரு காகிதத்தைக் கொளுத்திச் செருகலாம். மணிக்கணக்கில் கனன்று எரியும். சரிந்தால் டப்பாவைக் கவிழ்த்து மறுபடி முதலிலிருந்து. இந்த வேலையை ஆண்கள் செய்து நான் பார்த்ததில்லை.

கேஸ் வந்தபோதும் குளிக்கிற தண்ணீருக்கு அது கிடைக்கவில்லை. பதிவு செய்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்து வாங்கும் 14.2 கிலோ சிலிண்டரைக் குளியலறைக்குச் செலவழிக்க எந்த வீட்டுக்கு மனசு வரும்? ரேஷன் கிருஷ்ணாயில் கொஞ்ச காலம் ஓட்டியது. பிறகு வந்தது ஹீட்டர் ராடு. வாளியில் மாட்டி சுவிட்சைப் போட்டால் முடிந்தது என்பதால் பின்கட்டு அடுப்பை ஓசையில்லாமல் ஒழித்தது அதுதான். சூடாகிவிட்டதா என்று, சுவிட்சை அணைக்காமல் தண்ணீரில் விரல் விடுகிற பழக்கம் எத்தனையோ உயிரைக் குடித்திருக்கிறது. எர்த் இல்லாத பழைய வீட்டில் இன்றும் ராடு மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

குழாய்வழி கேஸ் இந்தப் பக்கத்தில் பெரும்பாலான தெருக்களுக்கு இன்னும் எட்டவில்லை. சிலிண்டரில் ஓடும் கேஸ் கீசரை, ஜன்னல் இல்லாத அடுக்குமாடிக் குளியலறையில் மாட்டவே கூடாது. கதவைச் சாத்திக் குளிக்கும்போது கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். ஆக, மிஞ்சுவது கரண்ட். அதில் இன்ஸ்டன்டா, தொட்டி வைத்ததா என்பதுதான் இன்றைய கேள்வி.

கடைக்காரர் லிட்டரையும் நட்சத்திரத்தையும் காட்டுவார். எலக்ட்ரீஷியனோ முதலில் தண்ணீரைத்தான் விசாரிப்பார். "கார்ப்பரேஷன் தண்ணியாம்மா, போர் தண்ணியா?" போர் என்றால், "அப்போ பதினஞ்சு லிட்டரே போடுங்கம்மா, வருஷத்துக்கு ஒரு தடவ கழட்டி கிளீன் பண்ணிக்கலாம்." அவர் பழைய காயிலை உருவி எடுத்துக் காட்டும்போதுதான் நமக்கு விஷயம் விளங்குகிறது. செம்பே தெரியாமல் வெள்ளையாக உப்புப் பொருக்கு. தட்டினால் சில்லு சில்லாக உதிர்கிறது. அந்தப் பொருக்கைத் தாண்டித்தான் சூடு தண்ணீருக்குப் போக வேண்டும். போக வழியில்லாமல் காயில் தன்னையே எரித்துக்கொள்ளும். தொட்டி துருப்பிடிக்காமல் காக்கிற மெக்னீசியம் ராடும் உள்ளே கரைந்துகொண்டே இருக்கும். அதையும் மாற்ற வேண்டும் என்று வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

அடுத்தது ஒயர். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் பிளக்கை நம்பிக் கட்டிய பழைய வீட்டில் அதை மாட்டினால் சுவிட்ச்போர்டு கருகும். 2 கிலோவாட் தொட்டி ஹீட்டர் 9 ஆம்பியருக்குள் அடங்கும். அதற்கும் தனி ஒயர், எர்த், கசிவு மின்சாரத்தில் அணைந்துவிடும் பிரேக்கர் மூன்றும் வேண்டும். ஹீட்டரின் விலையில் இரண்டாயிரம் குறைத்தாவது இதைச் செய்வதுதான் புத்தி.

பில்லைப் பற்றிய பயம் பாதி வீண். 20 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40-க்குக் கொண்டுவரச் சுமார் 0.35 யூனிட் போதும். நாலு பேர் தினம் ஆளுக்கொரு வாளி என்றால் இரண்டு மாதத்துக்கு 84 யூனிட். 2016-இல் வந்த 100 யூனிட் இலவசத்துக்குள் அடங்குகிற கணக்கு. ஆனால் அந்த இலவசத்தை ஃபிரிட்ஜும் மின்விசிறியும் முன்பே தின்றிருக்கும். அதனால் வீட்டின் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தாண்டினால் அதற்குக் கீழே கிடைத்த சலுகை விலையிலும் ஒரு பகுதி போய்விடும். காலையில் போட்ட சுவிட்சை ராத்திரிவரை அணைக்காத வீடுகள்தான் பில்லைப் பார்த்து ஹீட்டரைத் திட்டுகின்றன. இருபது நிமிஷம் போட்டு அணைத்தால் குளியல் முடியும்வரை சூடு நிற்கும்.

சூரிய ஹீட்டர் இந்த ஊருக்கு இயல்பாகவே பொருந்தும். மே மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே கை பொசுக்குகிறதே! ஆனால் மொட்டைமாடி நமக்கே சொந்தமாக இருக்க வேண்டும். கொரட்டூரிலும் திருமுல்லைவாயலிலும் அந்தப் பழைய தனிவீடுகளை இடித்து, ஒரே மனையில் நாலு, ஆறு என்று குடித்தனங்கள் வந்துவிட்டன. மாடி எல்லாருக்கும் பொது. மேலிருந்து தரைத்தளம்வரை குழாய் இறக்கினால் முதல் வாளி பச்சைத் தண்ணீர்தான். பூந்தமல்லியைத் தாண்டித் தனிவீடு கட்டுகிறவர்கள் மட்டும், பூச்சு வேலைக்கு முன்பே வெந்நீருக்கென்று தனிக் குழாயைச் சுவருக்குள் இறக்கி வைத்துக்கொள்ளலாம். சூரிய ஹீட்டரைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.