கடைசியில் தொட வேண்டிய திருகு

பழைய அம்பாசடர் இழுக்கவில்லை, சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது என்றால் பலருடைய ஸ்க்ரூடிரைவர் நேரே கார்புரேட்டருக்குத்தான் போகும். தப்பு. அதன் 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறியின் கோளாறு பல நேரம் பெட்ரோல் கோளாறு மாதிரியே தெரியும். அதனால் முதலில் பாயிண்ட், அடுத்து டைமிங், கார்புரேட்டர் கடைசி.

டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றினால் பாயிண்ட் தெரியும். அதன் இரண்டு முனைகளும் பிரியும் நொடியில் காயிலில் ஓடும் மின்சாரம் அறுபட்டு, பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறி பறக்கிறது. இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். தேய்மானத்தில் இது குறுகினால் முனைகள் தாமதமாகப் பிரியும், பொறியும் பிந்தும். ஆகவே இடைவெளியைச் சரிசெய்யாமல் டைமிங் வைப்பது வீண் வேலை.

பிஸ்டன் உச்சிக்கு வருமுன்னே பொறி விழுந்தாக வேண்டும். சிலிண்டருக்குள் கலவை ஒரேயடியாக வெடிப்பதில்லை. தீ பரவ ஓரிரு மில்லி செகண்ட் பிடிக்கிறது. 2 மில்லி செகண்ட் என்றே வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 800 சுற்றில் அதற்குள் கிராங்க் 10 டிகிரிகூடத் திரும்பாது. 3,000 சுற்றில் 36 டிகிரி திரும்பிவிடும். வேகம் கூடக்கூடப் பொறியை முன்னே தள்ளும் வேலையை டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் சுழன்று விரியும் இரண்டு சின்ன எடைகள் பார்த்துக்கொள்கின்றன. மெக்கானிக் வைப்பது தொடக்கப் புள்ளியை மட்டுமே. கிராங்க் புல்லியைக் குறிக்கு நேராக நிறுத்தி, காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் முனைக்கும் பாடிக்கும் இடையே ஒரு 12 வோல்ட் பல்பை மாட்டி, சாவியைத் திருப்பி, டிஸ்ட்ரிப்யூட்டரை மெல்லச் சுழற்றுவார். பல்பு எரியத் தொடங்கும் இடத்தில் போல்ட்டை முறுக்குவார்.

பிறகு ரோட்டுக்குப் போய்க் காதால் சோதிக்க வேண்டும். மேட்டில் டாப் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது கிணுகிணுவென்று உலோகச் சத்தம் கேட்டால் பொறி முந்துகிறது. அதை அலட்சியம் செய்தால் பிஸ்டனே அரிக்கப்படும். சத்தமில்லை, ஆனால் வண்டி சோம்புகிறது, சூடேறுகிறது என்றால் பொறி பிந்துகிறது.

இப்போது கார்புரேட்டரைத் தொடலாம். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். முழு பலம் வேண்டுமானால் காற்று 13 கிராமுக்குக் கீழே வர வேண்டும். சிக்கனத்துக்கு 15, 16 வரை போகலாம். சூடான இன்ஜின் ஐடிலிங்கில் ஓட, கலவைத் திருகை உள்ளே முறுக்கி இன்ஜின் தடுமாறும் இடத்தைப் பார்த்து, வெளியே திருப்பி அது சீராக ஓடும் இடத்தில் விட வேண்டும். இதை முறுக்கி மைலேஜ் கூட்டிவிட்டதாகச் சொல்வோரை நான் நம்புவதில்லை. இது நிற்கும் வண்டியின் கலவையைத்தான் ஆளும். ஓடும் வண்டிக்கு, பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள மெயின் ஜெட்தான் எஜமான். அது ஒழுங்கா என்பதை ஓடிவந்த வண்டியின் பிளக்கே காட்டும்: கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் குறைவு, வெளிர் பழுப்பு சரி.

சமவெளியில் சரியாக இருந்த ஜெட், சுமார் 2,240 மீட்டர் உயர ஊட்டியில் பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும். அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் கலந்த பெட்ரோலில் நேரெதிர். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் 20 சதவீதக் கலப்புக்குக் காற்று 13.5 மடங்கே போதும். 14.7-க்கு வைத்த பழைய ஜெட்டோடு வண்டி பெட்ரோல் குறைந்த கலவையில் ஓடும். அதற்குத் திருகு உதவாது. துளை சற்றே பெரிய ஜெட்டைத்தான் மாட்ட வேண்டும்.